‘கரீப்’ என்றால் ஏழையா, அயலானா? ஒரே சொல்லில் நின்றுபோன மொழிபெயர்ப்பு

#1 நடைமேடை ஏழு

மூன்று வாரமாக ஒரே சொல்லில் நின்றுகொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

உருதுக் கவிதைகள் சிலவற்றைத் தமிழில் பெயர்த்து நண்பர்களுக்குள் சுற்றுக்கு விடுவது என் ஓய்வுக்கால வேலை. உருது எனக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதிக்கு அகராதியும் அசட்டுத் துணிச்சலும். இப்போது எடுத்திருப்பது பதினெட்டாம் நூற்றாண்டு உருதுக் கவிஞர் மீர் தகீ மீரின் பெயரில் வழங்கும் வரிகள்:

க்யா பூதோபாஷ் பூச்சோ ஹோ பூரப் கே ஸாகினோ
ஹம் கோ கரீப் ஜான் கே ஹன்ஸ் ஹன்ஸ் புகார் கே

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். டெல்லி சூறையாடப்பட்டுச் சீரழிந்தபின், 1782இல் மீர் லக்னோவுக்குப் போகிறார். ஒரு கவியரங்கில் பழைய பாணித் தலைப்பாகையும் அகன்ற அங்கியுமாக ஒரு மூலையில் போய் உட்காருகிறார். லக்னோவின் நாகரிக இளைஞர்கள் அவர் கோலத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ‘ஐயாவுக்கு எந்த ஊரோ?’ என்று கேட்கிறார்கள். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இது. ‘கிழக்கில் வாழ்பவர்களே, என் இருப்பிடத்தையா விசாரிக்கிறீர்கள், என்னைக் கரீப் என்று எண்ணி, சிரித்துச் சிரித்துக் கூப்பிட்டு’ என்று தொடங்குவார். உலகிலேயே பொறுக்கி எடுத்த நகரமாக டெல்லி என்று ஒன்று இருந்தது, விதி அதைக் கொள்ளையடித்துப் பாழாக்கியது, அந்தப் பாழூரின் குடி நான் என்று முடிப்பார்.

நான் ‘ஏழை என்று எண்ணி’ என்று எழுதிவைத்திருந்தேன். கரீப் என்றால் ஏழை. இதில் என்ன சந்தேகம்? போன மாதம் சென்னையிலிருந்து நிஜாமுதீன் போகும் கரீப் ரத்தில் அந்த நோட்டை விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். எதிர் இருக்கையில் ஓய்வுபெற்ற உருது ஆசிரியர் ஒருவர். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. என்ன எழுதுகிறேன் என்று கேட்டார், சொன்னேன். ‘ஏழையா? அந்த வரியில் ஏழை எங்கே வந்தான்?’ என்றார். நான் விழித்தேன். ‘இந்த வண்டியின் பெயரைப் பார்த்து ஏமாந்துவிட்டீர்கள்’ என்று சிரித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நாக்பூரில் இறங்கிவிட்டார். நிஜாமுதீன் வரை எனக்குத் தூக்கமில்லை.

ஏழை இல்லையென்றால் யார்?

#2 சும்மா ஒருவன்

கரீப் என்றால் ‘அருகில்’. பழைய இந்திப் பாட்டுகளில் பத்துக்கு ஐந்தில் வருமே. ‘பக்கத்தில் இருப்பவன் என்று எண்ணி’ என்று போடுங்கள், முடிந்தது வேலை.

#3 ஆம்பூர்வாசி

சும்மா ஒருவன் தம்பி, அது வேறு கரீப். தமிழில் எழுதினால் வருகிற கூத்து இது. உருதுவில் மூன்று தனித்தனிச் சொற்கள் உண்டு. ஒன்று, அடித்தொண்டையிலிருந்து ‘க’ வரும் கரீப்: அருகில். இரண்டாவது, வாய் கொப்பளிப்பதுபோல் தொண்டை அதிரும் கரீப்: நடைமேடை ஐயா கேட்பது. மூன்றாவதை நாளிதழில் பார்த்திருப்பீர்கள், ‘கரீப் பருவ நெல் கொள்முதல்’ என்று. அது கரீஃப், தொண்டையில் காற்று உரசும் ஒலி, அரபியில் இலையுதிர்காலம். மூன்றும் அரபியிலிருந்து வந்தவை, ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. தமிழ் எழுத்துக்குள் வந்ததும் மூன்றும் ஒரே சட்டை போட்டுக்கொண்டுவிட்டன.

எங்கள் வீட்டு உருதுவைச் சொன்னால் இன்னும் சிரிப்பீர்கள். தக்கினி, அதாவது தென்னாட்டு உருது, பேசுகிறவர்களுக்கு அந்த அடித்தொண்டைக் ‘க’ வராது. உரசும் ‘க’வாக மாறிவிடும். ஆகவே எங்கள் வாயில் ‘அருகில்’ என்பது ஏறக்குறைய நெல் பருவம்தான். லக்னோக்காரர் எவராவது கேட்டால் மீரைப் பார்த்துச் சிரித்ததுபோல் எங்களையும் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஐயா கேட்ட சொல்லுக்கு இன்றைய உருதுவில் ஏழை என்பதுதான் பொருள். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். பழைய கவிதையில் என்னவென்று அகராதிப்பித்தன் வந்து சொல்லட்டும். எப்படியும் வருவார்.

#4 அகராதிப்பித்தன்

வந்துவிட்டேன்.

ரயில் ஆசிரியர் சொன்னதே சரி. மீரின் வரியில் கரீப் ‘அயலூரான்’. சொல்லின் பிறப்பைப் பார்த்தால் ஏழை என்ற பொருள் அரபியில் கிடையவே கிடையாது.

அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்கள் கொண்ட வேரிலிருந்து கிளைப்பவை. இங்கே வேர் கஃ-ர்-ப். (முதல் எழுத்து ஆம்பூர்வாசி சொன்ன கொப்பளிக்கும் ஒலி. தமிழில் அதற்கு எழுத்து இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.) வேரின் அடிப்படை விலகிப் போதல், கண்ணுக்கு அப்பால் போதல். சூரியன் விலகிப் போனால் குரூப், அதாவது அஸ்தமனம். விலகிப் போகும் திசை கர்ப்: மேற்கு. போய் மறையும் இடமும் நேரமும் மக்ரிப். மொராக்கோ நாட்டுக்கு அரபியில் இன்றும் மக்ரிப் என்றுதான் பெயர், அரபு உலகின் மேற்குக் கோடி என்பதால். போர்ச்சுகலின் தென்கோடியில் அல்கார்வ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதுவும் ‘அல் கர்ப்’தான், முஸ்லிம் ஐபீரியாவின் மேற்கு.

மனிதன் தன் ஊரைவிட்டு விலகிப் போனால் அவன் கரீப். அவன் நிலை குர்பத். ஒரு பொருளோ செய்தியோ வழக்கத்திலிருந்து விலகியிருந்தால் அதுவும் கரீப்: விந்தையானது, அரிதானது. ஹதீஸ் (நபிமொழி) கலையில் கரீப் என்பது ஒரு வகைப்பெயர். அறிவிப்பாளர் வரிசையில் ஏதேனும் ஒரு கட்டத்தில் ஒரே ஓர் ஆள் மட்டும் நிற்கும் செய்தி அது. துணையின்றித் தனியாக வருவதால் அந்தப் பெயர். குர்ஆனின் அருஞ்சொற்களை விளக்கும் நூல்வகைக்கும் ‘கரீப்’ என்ற பெயர் உண்டு. அங்கெல்லாம் ஏழை என்று போட்டுப் பாருங்கள், நகைச்சுவையாகிவிடும்.

இன்னொன்று. காகத்துக்கு அரபியில் குராப். பழைய அரபுக் கவிதையில் காகம் பிரிவின் பறவை. கூடாரம் பிரித்துப் போன இடத்தில் வந்து உட்காரும். ஒன்பதாம் நூற்றாண்டு அறிஞர் அல்ஜாஹிஸ், காகத்தைத் தீச்சகுனமாகக் கண்ட அரபிகள் அதன் பெயரிலிருந்துதான் கரீப், குர்பத் ஆகியவற்றை உண்டாக்கினார்கள் என்கிறார். அழகான விளக்கம், ஆனால் நம்புவதற்கில்லை. எபிரேயத்திலும் பழைய மெசொப்பொத்தேமியாவின் அக்காதியத்திலும் காகத்துக்கு இதையொத்த பெயர் இருப்பதால் அது மிகப் பழைய செமித்தியச் சொல். பெரும்பாலும் கரைதலைக் கேட்டு வைத்த பெயராக இருக்கலாம். நம் ‘கா’கத்தைப் போல.

#5 காயல்காரன்

அகராதிப்பித்தன் ‘தமிழில் அதற்கு எழுத்து இல்லை’ என்று கையை விரித்துவிட்டார். எங்களிடம் உண்டு. ‘மஃரிப்’ என்று எழுதிப் பழகி எத்தனையோ காலமாகிவிட்டது. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகை, நிக்காஹ் அழைப்பிதழ், எங்கும் ‘மஃரிப் தொழுகைக்குப் பின்’ என்றுதான் இருக்கும். ஆய்தம் எதற்கு இருக்கிறது? அதற்கும் முன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள், அரபுத்தமிழ் என்று. அங்கே இந்தக் குழப்பமே எழாது.

உருது எங்கள் வீட்டு மொழி இல்லை. காயல்பட்டினத்துக்கு அரபு கடல்வழியாக நேரே வந்தது. ஆற்காட்டு நவாபு கச்சேரி வழியாக வந்த சொற்கள் ஒரு வகை, எங்களுடையது வேறு வகை. அதனால் கரீப் என்றதும் எனக்கு ஏழை நினைவுக்கு வருவதே இல்லை. மத்ரஸாவில் முதலில் படித்த ஹதீஸ்தான் நினைவுக்கு வரும்: ‘இவ்வுலகில் ஓர் அந்நியனைப் போல இரு, அல்லது வழிப்போக்கனைப் போல’. புகாரியின் ஹதீஸ் தொகுப்பில் இருப்பது. அந்நியன் என்ற இடத்தில் வரும் சொல் கரீப். என் மச்சான் சென்னையில் உருது வழியாக ஓதியவர். சிறுவயதில் அதை ‘ஏழையைப் போல இரு’ என்று புரிந்துகொண்டு, புதுச்சட்டையே போடாமல் ஒரு பெருநாளைக் கழித்ததாகச் சொல்வார். பாதி அளப்பு என்று நினைக்கிறேன்.

#6 சும்மா ஒருவன்

சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ‘அரபு’ என்பதும் இதே வேரா? ஐரோப்பா என்ற பெயரும் இந்த ‘மேற்கு’தான் என்று எங்கோ படித்தேன்.

#7 அகராதிப்பித்தன்

அரபு வேறு. அதன் முதலெழுத்து ஐன். கரீப்பின் முதலெழுத்து கைன். எழுத்தில் தலைக்கு மேல் ஒரு புள்ளிதான் வித்தியாசம், வேரில் வித்தியாசம் பெரிது. எபிரேயத்தில் இந்த இரண்டு ஒலிகளும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அங்கே மாலைக்கு ‘எரெவ்’, காகத்துக்கு ‘ஓரெவ்’. அரபு இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது.

ஐரோப்பா விஷயம்: அக்காதியத்தில் ‘எரேபு’ என்றால் நுழைதல், சூரியனுக்கானால் அஸ்தமித்தல். அதிலிருந்து ஐரோப்பா வந்தது என்பது பழைய ஊகம். கேட்க இனிக்கும், கிரேக்க வடிவத்தின் உயிரொலிகள் ஒத்துவரவில்லை என்று பலர் ஏற்கவில்லை. நானும் அந்தப் பலரில் ஒருவன்.

#8 தம்மாம் தபால்

பதினொரு ஆண்டாக சவூதியில் இருக்கிறேன். அகராதி தெரியாது, நடந்ததைச் சொல்கிறேன்.

வந்த புதிதில் அறையில் இரண்டு பாகிஸ்தானியர், ஓர் உத்தரப் பிரதேசக்காரர். அவர்களிடம் பழகிக் கொஞ்சம் இந்தி, உருது ஒட்டிக்கொண்டது. அரபு அறவே இல்லை. எகிப்திய மேற்பார்வையாளர் ஒருவர், நல்ல மனிதர். மிகுதி நேர வேலை கொடுங்கள் என்று கேட்கப் போனேன். உருதுச் சொற்களில் பாதி அரபுதானே என்ற தைரியத்தில் மார்பில் கைவைத்து ‘அன கரீப், அன கரீப்’ என்றேன். நான் ஏழை என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் மார்பிலும் கையை வைத்து, ‘வ அன கமான் கரீப்’ என்றார்: நானும்தான். இவ்வளவு சம்பளம் வாங்குகிறவர் ஏழையா என்று எனக்கு ஒரே குழப்பம். அறைக்கு வந்து சொன்னதும் பெஷாவர்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ‘நீ ஊர்விட்டு வந்தவன் என்று சொன்னாய், அவரும் ஊர்விட்டு வந்தவர், சரியாகத்தானே சொன்னார்.’

மிகுதி நேர வேலை கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே ‘குர்பா’ என்ற சொல்லைக் கேட்காத நாளில்லை. சிரியாக்காரர், சூடான்காரர், எகிப்தியர் எல்லோரும் ‘அல் குர்பா ஸஅபா’ என்று பெருமூச்சு விடுவார்கள். வெளியூர் வாழ்க்கை கடினம் என்று பொருள். பெருநாள் அன்று மதியம், வீட்டுக்குப் பேசி வைத்தபின், அதிகம் கேட்கும்.

#9 மாலதி மொழிபெயர்ப்பு

இதுவரை எல்லோரும் சொல் எங்கிருந்து வந்தது என்று சொன்னீர்கள். ஊர்விட்டு வந்தவன் எப்படி ஏழையானான் என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொன்னால்தான் நடைமேடை ஐயாவுக்குத் தமிழ்ச்சொல் கிடைக்கும்.

நமக்கு இது புதிதா என்ன? ‘பரதேசி’யை எடுத்துக்கொள்ளுங்கள். பர தேசம், வேறு நாடு. வேறு நாட்டான். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூதக் கோயிலுக்குப் பரதேசி சினகாக் என்று பெயர். வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்கள் கட்டியது என்பதுதான் அதன் பொருள். வசை எதுவும் இல்லை. அதே சொல் தமிழில் முதலில் தேசாந்திரியாக அலையும் துறவியைக் குறித்தது, பிறகு பிச்சைக்காரனை, கடைசியில் வசவானது. ‘போடா பரதேசி’ என்கிறவன் மனத்தில் தேசமும் இல்லை, பரமும் இல்லை. கையில் காசில்லாத, கேட்பாரில்லாத பயல், அவ்வளவே.

கரீப் நடந்த பாதை இதேதான் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் சொந்தபந்தம்தான் வங்கி, மருத்துவமனை, காவல் நிலையம் எல்லாம். ஊரைவிட்டு வந்தவனுக்கு அவை எதுவும் கிடையாது. கடன் கொடுப்பார் இல்லை, பரிந்து பேசுவார் இல்லை. இல்லாமையின் முதல் வடிவம் ஆள் இல்லாமை. காசு இல்லாமை அதன் பின்னால் வருவது.

புனேயில் சில காலம் இருந்தேன். மராத்தியில் கரீப் ஏழையைக் குறிக்கும், சாதுவானவனையும் குறிக்கும். வாய் பேசாத அப்பாவியைக் ‘கரீப் காய்’ என்பார்கள், சாதுவான பசு. எதிர்த்துப் பேச ஆளில்லாதவன் அடங்கித்தானே போகவேண்டும்.

#10 அகராதிப்பித்தன்

மாலதி அம்மையார் சொன்னதில் முக்கால் பங்கு சரி. ஜெர்மன் மொழியிலும் சாட்சி இருக்கிறது: இன்று துயரம், வறுமை என்று பொருள்படும் ‘எலெண்ட்’ என்ற சொல் பழைய ஜெர்மனில் ‘வேற்று நாட்டில் இருத்தல்’. உருது, தமிழ், ஜெர்மன் என்று ஒன்றிலிருந்து ஒன்று கடன் வாங்காமல் மூன்று இடத்தில் ஒரே திருப்பம்.

ஆனால் கால் பங்கு விடுபடுகிறது. ஊர்விட்டு வந்தவன் படும் பாடு எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்றால், அரபியில் கரீப் ஏன் ஏழையாகவில்லை? தம்மாம் தபாலின் எகிப்தியர் ஏன் தலைகீழாகப் புரிந்துகொண்டார்? என் எண்ணம் இது. அரபியில் ஏழைக்கான நாற்காலியில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருந்தார், இரண்டு பேர்: ஃபகீர், மிஸ்கீன். உருதுவுக்கு வந்தபோது ஃபகீர் பெரிதும் துறவியாகவும் இரந்துண்பவனாகவும் ஆகிவிட்டார். தமிழில் பக்கிரி ஆனதும் அவரே. நாகூர்ப் பக்கம் இந்து வீடுகளிலும் பக்கிரிசாமி என்று பெயர் வைக்கிறார்கள், யாரும் அதை ஏழைசாமி என்று கேட்பதில்லை. மிஸ்கீன் இரக்கத்துக்குரியவன் என்ற அளவில் ஒதுங்கிக்கொண்டார். நாற்காலி காலி. கரீப் உட்கார்ந்தார்.

பாரசீகத்தில் கரீப் இன்றும் அயலான்தான். ஈரானின் மஷ்ஹதில் அடக்கமாகியிருக்கும் ஷியாக்களின் இமாம் ரிஸாவை, மதீனாவிலிருந்து வெகுதொலைவில் மறைந்தவர் என்பதால், ‘கரீபுல் குரபா’ என்பார்கள்: அயலாரிலும் அயலார். துருக்கியில் ‘கரிப்’ என்றால் விநோதம், கூடவே ஆதரவற்ற என்ற சாயலும் உண்டு. 1961 ஒப்பந்தத்துக்குப் பின் ஜெர்மனிக்கு வேலைக்குப் போன துருக்கியரை ‘குர்பெத்சி’ என்றார்கள். ஏழை என்ற பொருள் முழுதாக ஊன்றியது இந்திய மண்ணில்தான்.

அதே உருதுவில் பழைய பொருள் சாகவும் இல்லை. ‘அஜீபோ கரீப்’ என்று நாள் முழுவதும் சொல்வார்கள், விசித்திரமான, கண்டு கேட்டிராத என்று. அதில் ஏழை எங்கே?

#11 ஆம்பூர்வாசி

பித்தன் ஐயா சொன்னபிறகுதான் உறைக்கிறது, ‘அஜீபோ கரீப்’ என்று நானே தினமும் பத்துத் தடவை சொல்கிறேன். தோல் பதனிடும் தொழிலில் விசித்திரமான ஆட்களுக்குக் குறைவில்லை. ஒருநாள்கூட உள்ளே இருக்கும் கரீப்பைக் கவனித்ததில்லை.

இக்பால் 1904இல் எழுதிய ‘ஸாரே ஜஹான் ஸே அச்சா’வின் இரண்டாவது ஈரடியைப் பாருங்கள். பள்ளிகளில் பாடும்போது பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள். ‘குர்பத் மே ஹோ அகர் ஹம், ரஹ்தா ஹை தில் வதன் மே’. நான் சிறுவனாக இருந்தபோது ‘வறுமையில் வாடினாலும் நெஞ்சம் தாய்நாட்டில்தான்’ என்று புரிந்துகொண்டு உருகியிருக்கிறேன். உண்மையில் அது ‘அயல்மண்ணில் இருந்தாலும் நெஞ்சம் தாய்நாட்டில்’. இப்போது படித்தால் பிசிறில்லாமல் பொருந்துகிறது. அன்றைக்கு என் அறிவு அவ்வளவுதான். என்மேல் மட்டும் பிழையில்லை. பாகிஸ்தான் பத்திரிகைகளில் வறுமைக் கோட்டுக்குக் ‘கத்தே குர்பத்’ என்றுதான் எழுதுகிறார்கள். அதே சொல்.

இன்னொரு வேடிக்கை. மரியாதையான உருதுவில் என் வீடு ‘கரீப்கானா’, உங்கள் வீடு ‘தௌலத்கானா’, செல்வ மாளிகை. ஓட்டை வீட்டுக்காரரிடம் மாடிவீட்டுக்காரர் இப்படிப் பேசும்போது பார்க்க வேண்டும். அஜ்மீர் குவாஜா முயீனுத்தீன் சிஷ்தியைக் கரீப் நவாஸ் என்கிறோமே, ஏழைகளுக்கு இரங்குபவர் என்று. அவர் 1236இல் மறைந்தார். அந்தக் காலத்துப் பாரசீகப்படி பார்த்தால் அயலாரை ஆதரிப்பவர் என்றல்லவா வரும்? அவரே அயலூரிலிருந்து வந்தவர். தர்காவில் வரிசையில் நிற்கிறவர்களிடம் போய் இதைச் சொல்லமாட்டேன். அவர்களில் பலர் ஒரே சமயத்தில் இரண்டுமாகத்தான் இருப்பார்கள்.

#12 ராயப்பேட்டை ரசிகை

ஆயிரம் விளக்குப் பகுதியில் வளர்ந்தவள். அங்குள்ள பள்ளிவாசல் ஷியாக்களுடையது. முஹர்ரம் பத்தாம் நாள் இரவை ‘ஷாமே கரீபான்’ என்பார்கள். 680இல் கர்பலாவில் ஹுசைன் கொல்லப்பட்டபின், கூடாரங்கள் எரிந்து, பெண்களும் குழந்தைகளும் வெட்டவெளியில் நின்ற இரவு. என் தோழி வீட்டில் அன்று விளக்கேற்றமாட்டார்கள். ‘ஏழைகளின் மாலை’ என்று அவள் எனக்குச் சொன்னாள், நானும் அப்படியே நம்பியிருந்தேன். அயலாரின் மாலை என்றால் காட்சியே மாறிவிடுகிறது.

#13 அகராதிப்பித்தன்

அந்தத் தொடரைப் பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸும் கையாண்டிருக்கிறார், பதினான்காம் நூற்றாண்டில், அந்நிய ஊரில் இருப்பவனின் மாலைத் தொழுகை என்று. மஃரிப் நேரம், கரீப் மனிதன். இரண்டும் ஒரே வேர் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்.

#14 சும்மா ஒருவன்

தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். ‘தகராறு’ம் இப்படி அரபியிலிருந்து வந்ததா? ‘மாமூல்’?

#15 ஆம்பூர்வாசி

இரண்டுமே. தக்ரார் என்றால் அரபியில் திரும்பத் திரும்பச் சொல்வது. ஒரே விஷயத்தை இரண்டு பேர் திரும்பத் திரும்பச் சொன்னால் என்ன ஆகும்? அதுதான் தகராறு. மாமூல் என்பது ‘வழக்கமாகச் செய்யப்படுவது’. வழக்கமாகக் கொடுக்கப்படுவது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

#16 மட்டுறுத்துநர்

தகராறுக்குத் தனி இழை திறக்கவும். இங்கே கரீப் மட்டும்.

#17 பனையோலை

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ‘ஏதிலி’ என்று போடலாமே. வள்ளுவர் ‘ஏதிலார்’ என்று அயலாரைச் சொல்கிறார். இன்று எங்கள் பக்கம் ஏதிலி என்றால் அகதி, எல்லாம் இழந்து வந்தவர். அயலும் இல்லாமையும் ஒரே சொல்லில் இருக்கின்றன. பரதேசி என்று எழுதினால் மீரை மீரே திட்டிக்கொள்வதுபோல் ஆகிவிடும்.

#18 மாலதி மொழிபெயர்ப்பு

ஏதிலி நல்ல சொல், மறுக்கவில்லை. ஆனால் மீர் அகதியாகப் போகவில்லை. நவாபு ஆஸஃபுத்தௌலா அழைத்துப் போனவர், மானியம் பெற்றவர். அதோடு ‘கரீப் ஜான் கே’ என்பது மீர் தம்மைப் பற்றிச் சொல்வதில்லை. லக்னோக்காரர்கள் அவரை என்னவென்று நினைத்தார்கள் என்று சொல்வது. சிரிக்கிறவன் வாயில் என்ன சொல் வரும்? ஏதிலி என்று சொல்லிச் சிரிப்பானா? பரதேசி என்றுதான் சிரிப்பான். வசவு இருக்கிறதே என்கிறீர்கள். இருக்கட்டும், அங்கே வசவு வேண்டியிருக்கிறது. மீர் அதை வாங்கிப் பழைய பொருளில் திருப்பிக் கொடுக்கிறார்: ஆமாம், வேறு தேசத்தான்தான், எந்தத் தேசம் என்று கேளுங்கள்.

பரதேசியின் பழைய மானமும் முழுக்கப் போய்விடவில்லை. பிராமணர் கல்யாணத்தில் காசியாத்திரைக்குப் புறப்படும் மாப்பிள்ளை குடை, விசிறி, கைத்தடியோடு நிற்பதற்குப் ‘பரதேசிக் கோலம்’ என்றே பெயர். யாரும் அடிக்க வருவதில்லை.

‘ஏழை’யும் அப்படி ஒன்றும் அசையாமல் நின்ற சொல்லில்லை. ‘ஏமுற் றவரினும் ஏழை தமியனாய்ப் பல்லார் பகைகொள் பவன்’, 873ஆம் குறள். தனியாளாக இருந்துகொண்டு பலரைப் பகைத்துக்கொள்பவன் பித்தரைவிட ஏழை, அதாவது அறிவிலி. காசைப் பற்றிய பேச்சே இல்லை. நடைமேடை ஐயா முதலில் போட்ட ஏழையை வள்ளுவர் காலத்து ஏழையாக எடுத்துக்கொண்டால்கூட லக்னோ இளைஞர்கள் நினைத்தது சரியாக வந்துவிடும், முட்டாள் கிழவன் என்று!

#19 நடைமேடை ஏழு

எல்லோருக்கும் நன்றி. இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஒன்றைக் கண்டுபிடித்தேன், பைத்தியக்காரத்தனமா என்று சொல்லுங்கள். மீர் விளிப்பது யாரை? ‘பூரப்’வாசிகளை, கிழக்கில் வாழ்பவர்களை. டெல்லிக்கு லக்னோ கிழக்கு. அவர்கள் இவரைக் கரீப் என்கிறார்கள். கரீப்பின் வேர் கர்ப், மேற்கு. கிழக்கத்தியார் நடுவே மேற்கிலிருந்து வந்தவன்! முதல் அடியில் பூரப், அடுத்த அடியில் கரீப். தற்செயலா?

#20 அகராதிப்பித்தன்

பைத்தியக்காரத்தனம் இல்லை. ஆனால் மீரின் தலையில் கட்டாதீர்கள். இந்த வரிகள் மீரின் தொகுப்புகளில் இல்லை. 1880இல் முஹம்மது ஹுசைன் ஆசாத் வெளியிட்ட ‘ஆபே ஹயாத்’ என்ற உருதுக் கவிஞர் வரலாற்றில் அந்தக் கவியரங்கக் கதையோடு சேர்ந்து வருபவை, அதன் வழியாகவே பரவியவை. ஆசாத் கதை சொல்வதில் மன்னர். ஆதாரம் காட்டுவதில் அப்படி இல்லை. ஆகவே பூரப், கரீப் விளையாட்டு இருக்கிறது என்றால் விளையாடியது யார் என்பது தனிக் கேள்வி. அரபு வேர் தெரிந்த எந்த உருதுக் கவிஞனுக்கும் அது கண்ணில் படாமல் போயிருக்காது என்ற அளவில் உங்களோடு வருகிறேன்.

#21 காயல்காரன்

டெல்லிக்காரர் ஆசாத் எழுதிய கதையில் லக்னோக்காரர்கள் நாகரிகக் கோமாளிகளாக வருவதில் வியப்பொன்றும் இல்லை. எங்கள் ஊரில் கீழக்கரைக்காரரைப் பற்றிச் சொல்லும் கதைகளைக் கேட்டால் தெரியும்.

#22 நடைமேடை ஏழு

பித்தன் ஐயா சொன்னதால் ‘மீரின் பெயரில் வழங்குவது’ என்று தலைப்பில் போட்டுவிட்டேன். இப்போதைக்கு இப்படி நிற்கிறது:

எந்த ஊர், எங்கே குடியிருப்பு என்றா கேட்கிறீர், கிழக்கத்தியவர்களே,
பரதேசி என்று எண்ணி, சிரித்துச் சிரித்து அழைத்து?
டெல்லி என்றொரு நகரிருந்தது, உலகம் பொறுக்கி எடுத்தது,
காலம் பொறுக்கி எடுத்தவர்களே குடியிருந்தது.
வானம் அதைக் கொள்ளையிட்டு வெறுமையாக்கிப் போட்டது.
அந்தப் பாழூரின் குடிதான் நாங்கள்.

பனையோலை மன்னிக்க வேண்டும். ஏதிலியை இன்னொரு கவிதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

#23 மாலதி மொழிபெயர்ப்பு

‘கிழக்கத்தியவர்களே’ நாக்கில் தடுக்குகிறது. ‘கிழக்குச் சீமையாரே’ என்று போடுங்கள். கடைசி அடியில் ‘நாங்கள்’ சரிதான். மூலத்தில் பன்மைதான் இருக்கிறது, ‘நான்’ என்று குறுக்கிவிடாதீர்கள்.

#24 நடைமேடை ஏழு

சீமையாரே, மாற்றிவிட்டேன். அடுத்த மாதம் மறுபடி அதே வண்டியில்தான் போகிறேன். நாக்பூர்க்காரர் எதிரில் வந்து உட்கார்ந்தால் படித்துக் காட்ட நோட்டு பையில் இருக்கும். பரதேசி என்றால் என்னவென்று இந்தியில் அவருக்கு விளக்கவே தேவையில்லை.

#25 ஆம்பூர்வாசி

ஐயா, இந்தியில் பரதேசி வசவு இல்லை. வெளியூர்க்காரன், பெரும்பாலும் காதலன். பார்த்துச் சொல்லுங்கள்.